குளத்துக்கரையில் ஒரு சொல், கோயிலில் ஒரு சொல்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வெயிலில் தெருத் தெருவாகப் போவோம். பெரிய தனியார் பள்ளிக்காரர்கள் திண்டுக்கல் பேருந்து நிலையம் வரைக்கும் பிளெக்ஸ் கட்டிப் பிள்ளை பிடிப்பார்கள். எங்களுக்கு வாய்தான் பிளெக்ஸ். தாடிக்கொம்பைத் தாண்டி அகரம் பக்கம் இருக்கிற சின்ன அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் பதினோராம் வகுப்பு பாதியாவது நிரம்பும்.

இந்த வருடம் கிளெமென்ட் சார் வரவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டதற்கு, "நான் வந்தா சேர்ற புள்ளையும் சேராது சார்" என்று சொல்லிவிட்டு நூலகச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, அந்தப் பையனுக்கு என்ன தெரியும் பாவம் என்று விட்டுவிட்டேன்.

கிளெமென்ட் சார் தொழிற்கல்வி ஆசிரியர். மேல்வகுப்பில் வேளாண்மைப் பிரிவு அவருடையது. மற்றப் பிரிவுப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில் நிற்பார்கள். கத்தரி, வெண்டை, சொட்டுநீர்க் குழாய், மண்புழு உரத்தொட்டி, மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற பந்தல் என்று அது ஒரு தனி ராஜ்ஜியம். காய்த்ததெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் போகும். படித்துப் போனவர்கள் சும்மா போகவில்லை. ஒருவன் ஒட்டன்சத்திரம் பக்கம் நர்சரி வைத்திருக்கிறான். வேளாண் பட்டயப் படிப்புக்குப் போன பெண் பிள்ளைகள் உண்டு. வேளாண் கல்லூரியிலேயே தொழிற்பிரிவுக்காரர்களுக்கென்று தனியாக இடம் உண்டு என்று அவர் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருவார்.

மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் கன்றுதான் மொய். கல்யாணத்துக்கு எலுமிச்சை, புதுமனைக்குக் கறிவேப்பிலை. எங்கள் கிளார்க் பணி ஓய்வு பெற்றபோது, மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற அந்த மனிதருக்குப் பலாக்கன்று கொடுத்தார்.

"எங்க சார் நடுறது? கட்டிலுக்கு அடியிலயா?" என்று கேட்டேன்.

"வீடு கட்டுவார்ல டீச்சர். வச்சுக்கட்டும்" என்றார், துளிக்கூடக் கூச்சமில்லாமல்.

நான் அந்தப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பெயர் நஜ்முன்னிசா. வாய் கொஞ்சம் நீளம். திண்டுக்கல்லிலிருந்து அவரும் நானும் ஒரே பேருந்தில் வருவதால் அவர் வீட்டுக் கதை முழுக்க எனக்குத் தெரியும். மனைவி டெய்சி கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஒரே மகள் லிடியா. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் படித்தாள். ஆனால் சனிக்கிழமையானால் அப்பாவோடு தொற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். பிளஸ் டூ பையன்கள் ஒட்டுக் கட்டும்போது விரல் நடுங்குவதைப் பார்த்து, "கத்திய இப்படிப் பிடிங்கண்ணே" என்று திருத்துவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால், படிக்கச் சொல்லி வீட்டில் கத்திக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்து மூலையில் ஒரு மாங்கன்றுக்குத் தானே ஒட்டுக் கட்டி, நாடாவைச் சுற்றிவிட்டுப் போனாள்.

போகும்போது என்னிடம் வந்தாள். "டீச்சர், அடுத்த வருசம் ஒங்ககிட்டதான் தமிழ் படிக்கப் போறேன்."

"எந்த குரூப்பு?"

"அப்பா குரூப்புதான். வேற என்ன?"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் தேடிப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளை லேசில் கிடைக்காது.

போன வருடம் எங்களுக்கு நெருக்கடி. வேளாண்மைப் பிரிவில் ஏற்கெனவே ஆள் குறைவு. இந்த ஜூனிலும் சேராவிட்டால் புதுச் சேர்க்கையை நிறுத்திவிடுவோம் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். அதனால் கிளெமென்ட் சார் வெறி பிடித்தவர்போல அலைந்தார். நானும் கூடப் போனேன்.

அகரத்தில் குளத்துக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒச்சம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. மகள் நாகஜோதி பத்தாவது பாஸ். அவளை நூல் மில்லுக்கு அனுப்ப ஏஜெண்ட் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். கிளெமென்ட் சார் வேளாண்மைப் பிரிவைப் பற்றி வழக்கமான பாட்டைப் பாடி முடித்ததும் ஒச்சம்மாள் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரி சார். எங்க புள்ளைகள அங்க சேக்கச் சொல்றீக. ஒங்க புள்ள எங்க படிக்குது?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே எங்களில் பாதிப் பேர் வீடு வீடாகப் போக மாட்டோம். எங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நான் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஆனால் கிளெமென்ட் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எம்மக லிடியா இந்த வருசம் இங்கதான் சேரப் போறா. எங்க குரூப்புலதான். ஒங்க மகளும் எம்மகளும் ஒரே பெஞ்சுல உக்காரட்டும்மா."

"நெசமாவா சார்?"

"நெசம்மா."

"சாரு புள்ளையே வருதுன்னா நம்ம புள்ளைக்கு என்னடி கேடு?" என்றாள் ஒச்சம்மாள், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து. அங்கேயே மூன்று நான்கு பெண்கள் சரி என்றார்கள். ஏஜெண்டிடம் வர முடியாது என்று சொல்லிவிடுவதாக ஒச்சம்மாள் சொன்னாள். திரும்பி வரும்போது கிளெமென்ட் சார் வழியில் நின்று எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார். அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அது பொய் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வீட்டுக்குப் போய் மகளிடமும் நாகஜோதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். லிடியாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் எப்படி இருப்பாள், பேசுவாளா என்றெல்லாம் கேட்டாளாம்.

லிடியா அவள் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். ஐந்நூறுக்கு நானூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். அவர்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் முடிவில் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, பொன்னாடை போட்டு, மைக்கில் நாலு வார்த்தை பேசவைப்பார்கள். "நீங்களும் வரணும் டீச்சர்" என்று கிளெமென்ட் சார் வற்புறுத்தினார். போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

பங்குத்தந்தை இளைஞர்தான், நல்ல மனிதராகத் தெரிந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார். ஒரு பையன் ஐ.ஐ.டி. என்றான். கைதட்டல். இன்னொருத்தி கலெக்டர் என்றாள். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். அடுத்து லிடியா. பக்கத்தில் கிளெமென்ட் சாரும் டெய்சியும்.

"லிடியாதான் நம்ம பங்குலயே முதல் மார்க். என்னம்மா ஆகப் போற?"

லிடியா மைக்கை வாங்கினாள். அவள் மூச்சு விட்டதுகூட ஸ்பீக்கரில் கேட்டது. "நான் வந்து ஃபாதர்..." என்று ஆரம்பித்துச் சிரித்துக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. கோயில் முழுக்கக் காத்திருந்தது. கிளெமென்ட் சார் கையை நீட்டி அவளிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம் ஃபாதர்."

யா அல்லாஹ் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்ல வேளை, கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. பங்குத்தந்தை லிடியாவின் தலையில் கை வைத்தார். "டாக்டர் லிடியாவுக்காக எல்லாரும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம்" என்றார். அத்தனை பேரும் எழுந்து நின்று அந்தச் செபத்தைச் சொன்னார்கள். லிடியாவும் சொன்னாள். தலையைக் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று மறுநாள் பேருந்திலேயே கேட்டேன்.

"தெரியல டீச்சர். ஐ.ஐ.டி.ன்னான், கலெக்டர்னா. எல்லாரும் நம்மளயே பாக்குறாங்க. அந்த எடத்துல போயி வேளாண்மை குரூப்புன்னு எம்மக சொல்லிட்டா..."

"சொல்லிட்டா?"

 இருபது வருடமாக ஊர் ஊராகப் போய் உயர்த்திப் பேசிய பிரிவு, தன் மகள் வாயில் வரும்போது அவருக்கே கூசியிருக்கிறது. அதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பலாக்கன்றைக் கூச்சமில்லாமல் கொடுத்த மனிதர்.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. வீட்டுக்குள் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் அந்த வாரமே பங்கில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். வயதான பெண்கள் லிடியாவை டாக்டரம்மா என்று கூப்பிட்டுத் தங்கள் முழங்கால் வலியைச் சொன்னார்கள். ஒருவர் தன் செலவில் அவளுக்காகப் பூசைக் கருத்து கொடுத்திருந்தார். அதாவது, அவள் டாக்டராக வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் பூசை. அதில் பெயர் வாசிக்கப்பட்டதும் கிளெமென்ட் சார் ஒரேயடியாக மாட்டிக்கொண்டார்.

"ஊரே செபம் பண்ணிருச்சு டீச்சர். பீடத்துக்கு முன்னாடி சொன்னது. இப்பப் போயி, இல்ல, கத்தரி போடப் படிக்கப் போறான்னு எப்படிச் சொல்றது?"

"கத்தரியச் சொல்லித்தான சார் ஒச்சம்மா மகளக் கூப்பிட்டீங்க?"

"அது குளத்துக்கரை, டீச்சர். இது கோயில்."

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

டெய்சிதான் அந்த வீட்டில் நியாயமாகப் பேசியவர். "செபம் பண்ணிட்டாங்கன்னு புள்ளைய மாத்துவாங்களா? செபத்த மாத்திக்கலாம்ல?" என்றாராம். லிடியா ஒரே ஒரு தடவை கேட்டாள். "அகரத்துல சொல்லிட்டு வந்தீங்களேப்பா?" அதற்கு அவர், "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேம்மா" என்றிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பி அவள் பெட்டி கட்டினாள். நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் உயிரியல் பிரிவு. அவள் போன நாளில் கிளெமென்ட் சார் விடுப்பு.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒச்சம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாகஜோதி தலை நிறைய எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டு, தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாரு மக வந்துருச்சா? ரெண்டு பேரையும் சேத்து உக்கார வைக்கணும்ல" என்றாள் ஒச்சம்மாள்.

கிளெமென்ட் சார் சட்டைப் பொத்தானைத் திருகினார். "அவளுக்கு வெளியூர்ல எடம் கெடச்சிருச்சும்மா."

ஒச்சம்மாள் சத்தம் போட்டிருந்தாலாவது நாங்கள் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் மகளின் தோளில் கிடந்த பையைத் தன் தோளுக்கு மாற்றினாள்.

"ஒங்க புள்ளைக்கு ஆவாத பள்ளிக்கொடம் எம்புள்ளைக்கு மட்டும் ஆவுமா சார்? வாடி."

நான் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளி அதே பள்ளிதான், படிப்பு அதே படிப்புதான், கோபத்தில் பிள்ளையைக் கெடுக்காதே என்று கெஞ்சினேன். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீக டீச்சர்" என்றாள். "ஆனா அவரு இல்லையின்னு சொல்லி அனுப்பல பாருங்க. நாங்க வந்து நின்ன பெறகுதான சொன்னாரு." நான் எழுந்து வந்துவிட்டேன். அகரத்துக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாக லிடியாவிடம் சொன்ன மனிதர், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

குளத்துக்கரையில் சரி என்ற மற்றப் பெண்களும் பிள்ளைகளை அனுப்பவில்லை. வந்தது இரண்டே பேர். அவர்களை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிட்டு, வேளாண்மையில் புதுச் சேர்க்கை இல்லை என்று உத்தரவு வந்தது. பழைய பிளஸ் டூ பிள்ளைகள் மட்டும் மார்ச் வரைக்கும் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் பரீட்சை எழுதிப் போனதும் தோட்டத்துக் கதவுக்குச் சங்கிலி போட்டாயிற்று. கிளெமென்ட் சாருக்கு நூலகம், காலை வழிபாடு, வராத ஆசிரியரின் வகுப்பு என்று நாளுக்கொரு வேலை கொடுத்தார்கள். காலையில் மாணவர்களை வரிசையில் நிறுத்த அவர் வாசலில் நிற்கும் நேரத்தில்தான் மில் வேன் போகும். ஜன்னலோரத்தில் நாகஜோதி இருப்பாள். வேன் வருகிற சத்தம் கேட்டால் அவர் உள்ளே வந்துவிடுவார்.

லிடியா வாரம் ஒரு நாள் சாயங்காலம் விடுதியிலிருந்து பேசுவாள். ஒரு தடவை பேருந்தில் அவர் என் பக்கத்தில் இருக்கும்போது பேசினாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ம் என்றாள், படிப்பைக் கேட்டால் ம் என்றாள். பிறகு, ஒவ்வொரு வாரமும் கேட்பதை, அவளாகவே கேட்டாள். "தோட்டம் எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கும்மா. வெண்டை காய்க்குது."

வெண்டை காய்த்தது உண்மை. பிளஸ் ஒன் இல்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை மனசு கலங்கும் என்று டெய்சியையும் சொல்ல விடவில்லை.

அந்தக் கேள்வியை அவள் ஏன் விடாமல் கேட்டாள் என்பது இந்த மே மாதம்தான் தெரிந்தது. பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். வந்த அன்றே அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். அழவில்லை. "என்னால முடியலப்பா. ஒரு வருசம் போனாப் போகட்டும். நான் திரும்ப பிளஸ் ஒன் சேர்றேன், ஒங்க குரூப்புல. அங்க இருந்த நாளெல்லாம் இத நெனச்சுத்தான் இருந்தேன். ஃபாதர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கிளெமென்ட் சார் வாயைத் திறக்கவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். டெய்சி அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து, பள்ளியில் சேர, லிடியா அப்பாவோடு எங்கள் பேருந்தில் ஏறினாள். அதுவரைக்கும் அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, புதிதாக என்னென்ன கன்று வாங்க வேண்டும் என்று என்னிடம் பேசிக்கொண்டு வந்தாள். நான் அவரை முறைத்தேன். அவர் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்குள் வந்ததும் அலுவலகம் பக்கம் போகாமல் நேரே பின்னால் நடந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பாத்திகள் வெடித்துக் கிடந்தன. சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்துப் போட்டிருந்தது. மூலையில் அவள் ஒட்டுக் கட்டிய மாங்கன்றில் ஒட்டு காய்ந்துபோய், கீழே இருந்த காட்டுத் தண்டு மட்டும் துளிர்விட்டிருந்தது. 

"ஏம்ப்பா பூட்டியிருக்கு?"

"குரூப்ப எடுத்துட்டாங்கம்மா. போன வருசமே."

"ஏன்?"

"ஆளு சேரலம்மா."

"அகரத்துலருந்து வாரோம்னு சொன்னாங்களே. ஏன் சேரல?"

"நீ சேரலன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.  "இல்லம்மா. நீ இல்ல. நான் ஒன்னச் சேக்கலன்னு."

நான் அங்கிருந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.  இவ்வளவு நாள் அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்க்கவே முடியவில்லை என்னால்.

லிடியா சங்கிலியை விட்டாள். கையில் துரு ஒட்டியிருந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாகஜோதின்னு ஒரு புள்ள எம்பக்கத்துல உக்காரும்னு சொன்னீங்களே. அவ எங்கப்பா?"

"மில்லுக்குப் போறாம்மா."

"அவகிட்டயாவது சொன்னீங்களா? நான் வாரேன்னுதான் இருந்தேன்னு?"

கிளெமென்ட் சார் அதையும் சொல்லியிருக்கவில்லை.